பரிசு யாரை அழைத்து வருகிறது?

ஆடி பிறந்தால் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் தள்ளுபடிப் பலகைகள் ஏறிவிடும். தீபாவளி நெருங்கினால் பெரிய கடைகளில் பில்லோடு பரிசுக் கூப்பனும் கைக்கு வரும். கடைவீதிக்குப் பழகிய இந்த உத்தி இப்போது இன்ஸ்டாகிராமுக்கும் வந்துவிட்டது. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வீட்டிலேயே பொடி அரைத்து விற்பவர், உறையூரில் கைத்தறிச் சேலைகளுக்குப் பக்கம் நடத்துபவர், தில்லைநகரில் ஆர்டர் எடுத்து கேக் செய்பவர், ஊரின் சாப்பாட்டுக் கடைகளை ரீல்ஸாகப் போடும் கல்லூரி மாணவர் எனச் சில நூறு, சில ஆயிரம் ஃபாலோயர்களோடு நிற்கும் எவருக்கும் ஒரு கட்டத்தில் அந்த யோசனை வரும்: ஒரு கிவ்அவே போட்டால் என்ன? பக்கத்தை ஃபாலோ செய்யுங்கள், போஸ்டை லைக் செய்யுங்கள், மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள், குலுக்கலில் ஒருவருக்குப் பரிசு. சிறு கணக்குக்கு இது கட்டுப்படியாகுமா?

சரக்கை அது போய்ச் சேர வேண்டிய கைகளில் சேர்ப்பதற்காக நடத்தினால் கட்டுப்படியாகும். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காக நடத்தினால் பரிசுப் பணமும் போகும், பக்கமும் கெடும். இந்த முடிவுக்கு நான் வரக் காரணங்கள் உண்டு.

முதலில் நிறைகள். வீட்டுத் தயாரிப்பாளருக்குப் பெரிய தடை, முதல் வாய் ருசி. பருப்புப் பொடியின் மணத்தைப் படத்தில் காட்ட முடியாது. ஒருமுறை சாதத்தில் நெய்யோடு பிசைந்து சாப்பிட்டவர்தான் மறுமுறை கேட்பார். அந்த முதல் பொட்டலத்தை ஒரு வீட்டுக்குள் சேர்க்க கிவ்அவே நல்ல வழி. பரிசு சொந்தச் சரக்காக இருந்தால் விற்பனை விலை கையை விட்டுப் போவதில்லை, அடக்க விலையும் கூரியர் செலவும் மட்டுமே போகின்றன. பரிசு பெற்றவர் தன் சமையலறையில் எடுத்துப் போடும் ஒரு ஸ்டோரி, விற்பவர் தானே சொல்லிக்கொள்ளும் பத்து விளம்பரங்களைவிட அதிகம் நம்பப்படும். டேக் செய்வதிலும் ஒரு நன்மை இருக்கிறது. அம்பத்தூரில் வேலை பார்க்கும் ஸ்ரீரங்கத்துப் பெண் தன் அக்காவை டேக் செய்தால், அந்த அழைப்பில் உறவின் நம்பிக்கையும் சேர்ந்தே போகிறது.

இனி குறைகள். வருகிற கூட்டத்தைப் பரிசுதான் தீர்மானிக்கிறது என்பதை நம் ஊர்ப்பக்கமே காட்டியிருக்கிறது. 2021-இல் மணப்பாறையில் ஒரு துணிக்கடை தன் திறப்பு விழாவுக்கு 50 பைசாவுக்கு டி-சர்ட் என்று அறிவித்தது. கூட்டம் கட்டுக்கடங்காமல் போய் போலீஸ் தலையிட வேண்டியதாயிற்று. அதற்கு முன் 2019-இல் உலக உணவு தினத்தன்று திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை, பழைய 5 பைசா நாணயத்தோடு வருபவர்களுக்கு பிரியாணி என்று அறிவித்தபோதும் வரிசை நீண்டது. அந்த வரிசைக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு நாணயம். பிரியாணிக்காக மீண்டும் வருவாரா என்பதை நாணயம் சொல்லாது. ஆனாலும் கடைவீதிக் கடைக்கு ஒரு வசதி உண்டு. வந்தவர் கண்ணில் கடை படும், தெரு பழகும், செய்தித்தாளில் பெயர் வரும். ஆயிரம் ஃபாலோயர் வைத்திருக்கும் பக்கத்துக்கு இவற்றில் எதுவும் கிடைப்பதில்லை.

பொடி விற்கும் அந்தப் பக்கமே ஒரு ப்ளூடூத் இயர்பட்ஸைப் பரிசாக அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே கமெண்டுகளைத் திறந்தால் ஒரே மூன்று பெயர்களை டேக் செய்தவர்கள், "டன்" என்று எழுதி இதயம் போட்டவர்கள், கிவ்அவேகளில் கலந்துகொள்வதற்கென்றே கணக்கு வைத்திருப்பவர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களில் பலர் டெல்லியிலோ ஹைதராபாத்திலோ இருப்பார்கள். பருப்புப் பொடி என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் இருப்பார்கள். எண் ஒரே வாரத்தில் ஏறும். குலுக்கல் முடிந்த மறுநாளே சிலர் விலகுவார்கள். விலகாமல் தங்குகிறவர்களால்தான் பெரிய சேதம். அடுத்து பொடி பற்றி ரீல்ஸ் போட்டால் அவர்கள் பார்க்காமல் தள்ளிவிடுவார்கள். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்புகிறார்கள் என்பதை முக்கியமாக வைத்து இன்ஸ்டாகிராம் ஒரு பதிவை முன்னே தள்ளுகிறது. சொந்த ஃபாலோயர்களே தாண்டிப் போகிற பதிவுக்குப் புதியவர்களிடம் போகும் வழி குறுகிவிடுகிறது. பெரிய கணக்குக்கு இந்த அந்நியர்கள் கடலில் கரைத்த பெருங்காயம். சிறு கணக்கில் அவர்களே பாதிப்பேர் ஆகிவிடுவார்கள்.

தளங்களின் விதிகளும் இந்த வழக்கத்துக்குச் சாதகமாக இல்லை. லைக் போடு, ஷேர் செய், நண்பரை டேக் செய் என்று கெஞ்சும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப் போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்தது. 'உங்கள் டைம்லைனில் ஷேர் செய்தால் போட்டியில் சேரலாம்' என்ற நிபந்தனையை அது அனுமதிப்பதே இல்லை. படத்தில் இல்லாதவர்களைப் படத்தில் டேக் செய்யச் சொல்லக்கூடாது என்பதும், போட்டிக்கும் தளத்துக்கும் தொடர்பில்லை என்று எழுத வேண்டும் என்பதும் இன்ஸ்டாகிராம் விதிகள். சிறு கணக்குகளின் கிவ்அவே அறிவிப்புகளில் இந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அரசு நடத்தாத, அனுமதிக்காத லாட்டரிக்கான அறிவிப்பை வெளியிடுவதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-ஆம் பிரிவின்படி குற்றம். காசு வாங்காமல் நடத்தும் குலுக்கல் வேறு. 500 ரூபாய்க்கு வாங்கினால்தான் குலுக்கலில் இடம் என்பது வேறு. இரண்டாவது ஆபத்தான எல்லைக்குள் போகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பரிசு அறிவிப்பதையும் முடிவைப் பங்கேற்றவர்களிடமிருந்து மறைப்பதையும் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. விற்பனையை வளர்ப்பதற்காகக் குலுக்கல் நடத்துவதையும் அது அதே பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே அதிர்ஷ்டத்தைக் குறைத்து, தகுதி பார்த்துத் தந்தால் லாட்டரிச் சிக்கலாவது குறையும். பரிசின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வருமான வரிப் பிடித்தமும் வந்து நிற்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது மோசடி. அறிவிப்பு வந்த சில மணி நேரத்தில் அதே படம், ஓரெழுத்து மாற்றிய அதே பெயரோடு ஒரு போலிக் கணக்கு முளைக்கும். கமெண்ட் போட்டவர்களுக்கு அது செய்தி அனுப்பும்: நீங்கள்தான் வெற்றியாளர், கூரியருக்கு 99 ரூபாய் ஜிபே செய்யுங்கள், வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள். பணம் இழந்தவர் கோபப்படுவது அசல் பக்கத்தின் மேல்தான். பல வருடம் பொடி அரைத்துச் சேர்த்த நற்பெயர் ஒரே மாலையில் கறைபட்டுப்போகும். கிவ்அவே போடுபவர் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்: வெற்றியாளரிடம் நாங்கள் எந்தப் பணமும் எந்த ஓ.டி.பி. எண்ணும் கேட்க மாட்டோம், கேட்டால் 1930-க்குப் புகார் செய்யுங்கள்.

அப்படியானால் எப்படி நடத்தலாம்? விலையுயர்ந்த ஒரு பரிசுக்குப் பதில் சிறிய பல பரிசுகள். 3,000 ரூபாய் இயர்பட்ஸ் ஒருவரைத்தான் மகிழ்விக்கும். அதே பணத்தில் அரைத்த பொடியை நாற்பது ஐம்பது பொட்டலமாக அத்தனை வீடுகளுக்குச் சேர்க்கலாம், ஒவ்வொன்றின் மேலும் வாட்ஸ்அப் எண்ணை ஒட்டலாம். வாங்கக்கூடிய தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று எல்லை வைக்கலாம். திருச்சிக்குள் இருப்பவர் நேரில் வந்து பெற்றுக்கொண்டால் கூரியரும் மிச்சம், முகமும் பழகும். சேர்வதற்கான நிபந்தனையாக டேக் கேட்காமல் ஒரு கேள்வி கேட்கலாம்: உங்கள் வீட்டுப் புளியோதரையில் வெந்தயம் வறுத்துப் பொடிப்பீர்களா, தாளிதத்தில் போடுவீர்களா? இதற்குப் பதில் எழுதுபவர் சமைப்பவர். இயர்பட்ஸ் தேடி வருபவருக்கு அந்தப் பதிலை எழுதப் பொறுமை இருக்காது. நல்ல பதில்களுக்கே பரிசு என்றால் குலுக்கலும் தேவைப்படாது. பதில்கள் அப்படியே அடுத்த பத்து பதிவுகளுக்குச் சரக்கு. காலமும் முக்கியம். நவராத்திரி கொலுவுக்குச் சுண்டல் பொடியும், மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு ஊர் நிறையும்போது புளிக்காய்ச்சலும் தேவை இருக்கும் நேரத்தில் போய்ச் சேரும்.

வருடம் முழுக்க மாதமொரு கிவ்அவே போடுவது கூடாது. இலவசத்துக்குப் பழகியவர்கள் அடுத்த இலவசத்துக்குக் காத்திருப்பார்களே தவிர, விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். ஏற்கெனவே வாங்குபவர்களையும் மறக்கக் கூடாது. புதியவருக்கு இலவசம் போகும்போது, மாதாமாதம் ஆர்டர் தரும் மாமியின் பார்சலில் ஒரு மாதிரிப் பொட்டலம் கூடுதலாக இருந்தால் அவர் நாலு பேரிடம் சொல்வார். பல சிறு வியாபாரங்களுக்கு கிவ்அவேயைவிட இதுவே மேல் என்பது என் எண்ணம்.

விற்க எதுவும் இல்லாமல், எண்ணிக்கை ஏறினால் விளம்பரதாரர் வருவார் என்று நம்பும் பக்கங்களுக்கு என் பதில் தெளிவானது: வேண்டாம். விளம்பரதாரர் இன்று ஃபாலோயர் எண்ணோடு பார்வையையும் பதிலையும் கேட்கிறார், வீங்கிய எண் அங்கே உடனே அம்பலப்படும். விற்கச் சரக்கு இருப்பவர்கள், போடுவதற்கு முன் ஒரு நோட்டில் இரண்டு எண்களை எழுதி வைக்கட்டும்: பரிசுக்கு ஆகும் மொத்தச் செலவு, அதை ஈடுகட்டத் தேவையான ஆர்டர்கள். ஒரு மாதம் கழித்து வந்த ஆர்டர்களை அதன் பக்கத்தில் எழுதட்டும். அந்தக் கணக்கு நேரானால் அடுத்த பண்டிகைக்கு மறுபடி போடலாம். நேராகவில்லை என்றால், எத்தனை ஆயிரம் ஃபாலோயர் கூடியிருந்தாலும் அந்தப் பணத்தை நல்ல மிளகாய்க்கும் பருப்புக்கும் செலவிடுவதே மேல்.