கோடி டிகிரிக்கு யார் சாட்சி?

அணுக்கரு இணைவு என்றதும் ‘செயற்கைச் சூரியன்’ என்று தொடங்கி, கோடிக்கணக்கான டிகிரியைச் சொல்லி வாசகரை வாய்பிளக்க வைப்பது பத்திரிகை வழக்கம். எந்த வெப்பமானியும் தாங்காத அந்தச் சூட்டை யார், எப்படி அளந்தார்கள் என்று கேட்டால்தான் இத்துறையின் பலமும் பலவீனமும் பிடிபடும்.

1958 ஜனவரியில் பிரிட்டனின் ஹார்வெல் ஆய்வகம், ‘ஸீட்டா’ இணைவுக் கருவியில் நியூட்ரான்கள் வெளிப்படுவதாக அறிவித்தது. அவை இணைவில் பிறந்தவை என்பதில் தமக்கு 90 சதவீதம் உறுதி என்றார் ஆய்வகத்தின் இயக்குநர் ஜான் காக்கிராஃப்ட். நியூட்ரான்கள் வந்தது உண்மைதான். ஆனால் பிளாஸ்மா எனப்படும் மின்னேறிய சூடான வாயு முழுதும் சூடேறியதால் வந்தவை அல்ல அவை. பிளாஸ்மா நிலைகுலைந்து நெளிந்தபோது எழுந்த மின்புலம் சில அயனிகளை மட்டும் விரட்டியதால் வந்தவை. மே மாதத்திலேயே பின்வாங்க வேண்டியதாயிற்று.

இந்த ஏமாற்றத்தின் சூடு ஆறாத நிலையில்தான் 1968இல், நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில், சோவியத் இயற்பியலாளர் லெவ் அர்ட்சிமோவிச்சின் குழு, பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாக அடைக்கும் தங்கள் டி-3 டோக்கமாக் ஒரு கோடி டிகிரியை எட்டியதாகச் சொன்னது. மேற்கு நம்பவில்லை. அவர் வாதாடிக்கொண்டிருக்காமல், பனிப்போர் நடுவே பிரிட்டனின் கல்ஹம் ஆய்வகத்தாரையே அளக்க வரச்சொன்னார். 1969இல் அவர்கள் ரூபி லேசருடன் மாஸ்கோ போனார்கள். ஒரே நிறச் சிவப்பொளியைக் கணப்பொழுது பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் அதைச் சிதறடிக்கும். எலக்ட்ரான்கள் எவ்வளவு வேகமோ, சிதறிய ஒளியின் நிறம் அவ்வளவு அகலமாக விரியும். அந்த அகலமே வெப்பநிலை. ரஷ்யர்கள் சொன்னது சரியென்று தெரிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வகம், ஸ்டெல்லரேட்டர் என்ற வேறு வகைக் காந்தக் கருவியை டோக்கமாக்காக மாற்றியது. போட்டியாளனின் கையில் அளவுகோலைக் கொடுத்த அந்தத் துணிச்சலை இத்துறையின் ஆகச் சிறந்த மரபு என்பேன்.

சூடேற்றும் கலையும் தேறியிருக்கிறது. பிளாஸ்மா சூடாகச் சூடாக அதன் மின்தடை குறைவதால் மின்னோட்டம் மட்டும் போதாது. வேக அணுக்கற்றைகளும் ரேடியோ அலைகளும் துணைக்கு வந்தன. பிளாஸ்மாவின் வெப்பத்தை அடைத்து வைப்பதில்தான் கோட்பாடு சோதனைக்குப் பின்னால் ஓடுகிறது. 1982இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் கருவியில், பிளாஸ்மா திடீரென ஏறக்குறைய இரு மடங்கு நேரம் வெப்பத்தைத் தக்கவைத்தது. யாரும் முன்கூட்டிச் சொன்னதல்ல அது. கூடவே, விளிம்பிலிருந்து சுவரைத் தாக்கும் வெடிப்புகளும் வந்து சேர்ந்தன.

வெப்பநிலையில் காட்டிய கறார் ஆற்றல் கணக்கில் இல்லை. 1997இல் பிரிட்டனில் இருந்த ஐரோப்பிய டோக்கமாக்கான ஜெட், 24 மெகாவாட் சூடேற்றத்துக்கு 16 மெகாவாட் இணைவுத் திறன் தந்தது. 0.67 என்ற அந்த விகிதத்தில், தாமிரக் காந்தச் சுருள்கள் விழுங்கிய மின்சாரம் சேராது. பிரான்ஸில் கட்டப்படும் பன்னாட்டு டோக்கமாக்கான ஐட்டரின், 50 மெகாவாட்டுக்கு 500 மெகாவாட் என்ற இலக்கும் வெப்பக் கணக்கே. அது மின்சாரம் தயாரிக்கப் போவதில்லை. அறிஞர்களுக்கு இது தெரியும். நிதி தருபவருக்கும் வாசகருக்கும் சொல்லும்போது அந்த வரி நழுவிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உண்மையான மின் உலையில் நியூட்ரான் வெள்ளம், அளவிடும் ஒளி கடக்கும் கண்ணாடி ஜன்னல்களை மங்கவைக்கும், உணரிகளைக் கெடுக்கும். எரிபொருளான டிரிட்டியத்தின் உற்பத்திக்குச் சுவர் முழுதும் வேண்டியிருப்பதால் அளவுக்கருவிகளுக்கு இடமும் குறையும். ஆய்வகத்தில் டஜன் கணக்கான கருவிகளை வைத்துக் கட்டுப்படுத்தப் பழகிய பிளாஸ்மாவை, அங்கே சிலவற்றை மட்டும் நம்பி மாதக்கணக்கில் ஓட்ட வேண்டும். அதற்கான ஒத்திகை எந்த டோக்கமாக்கிலும் இன்னும் முழுமையாக நடக்கவில்லை.