ஆவியின் மொழியும் சுவைஞரின் மொழியும்

அச்சுறுத்தும் திரைப்படங்களில் ஒளி, ஒலி, ஒப்பனை ஆகியன பெறும் கவனத்தை, ஆவியேறிய பாத்திரம் பேசும் மொழி பெறுவதில்லை. 'சந்திரமுகி' (2005) படத்தையும் அதன் உறவுப் படங்களையும் முன்வைத்து அம்மொழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

இக்கதையின் மூலம் பாசில் இயக்கிய 'மணிச்சித்ரதாழ்' (1993) என்னும் மலையாளப் படம். அதில் மலையாளம் பேசும் கங்கா, தன்னை நாகவல்லி என்னும் தஞ்சை ஆடல்மகளாக உணருங்கால் தமிழ் பேசுகிறாள். பி. வாசுவின் 'சந்திரமுகி'யில் தமிழின் இடத்தைத் தெலுங்கும், பிரியதர்சனின் இந்திப் படமான 'பூல் புலையா'வில் (2007) வங்காளமும் பெற்றன. படத்தின் மொழி மாறுந்தோறும் ஆவியின் மொழியும் மாறுகிறது. 'பிறமொழி' என்னும் தகுதி மட்டும் மாறுவதில்லை. கதையின்படி இஃது ஆவியுமன்று, மனநோய். மருத்துவர் நோயைத் தீர்க்கப் பிறமொழியும் உடன் நீங்குகிறது. ஆகவே, ஒருவர் இருமொழி பேசுதல் இங்கு நோயின் அறிகுறியாகவே அமைகிறது.

இவ்வமைப்பு எல்லாச் சுவைஞரிடத்தும் ஒரே விளைவைத் தருமா? நவி மும்பையின் நெருளில், இப்படத்தின் உரையாடல்களை மனப்பாடமாக அறிந்த தமிழ்ச் சுவைஞர் சிலர் கூடிப் பார்த்தபோது கட்டுரையாளர் உடனிருந்து நோக்கினார். மூன்று செய்திகள் குறிக்கத்தக்கன. ஒன்று, பாத்திரம் பேசுமுன் அவர்கள் பேசினர். இரண்டு, தெலுங்குப் பாடலை அம்மொழி அறியாதாரும் உடன் பாடினர். மூன்று, வேட்டையனாக ரஜினிகாந்த் எழுப்பும் 'லகலக' என்னும் ஒலித்தொடருக்கே ஆரவாரம் மிகுந்தது. பொருளற்ற அவ்வொலி எம்மொழிக்கும் உரியதன்று. ஆதலின் தமிழில் தடுமாறும் சிறுவரும் தயக்கமின்றி அதில் கலந்துகொண்டனர்.

பாத்திரம் மொழி மாறியபோது அவர்களிடம் அச்சம் தோன்றவில்லை. பன்முறை கண்ட பழக்கமே காரணம் எனலாம். ஆயின், பூட்டிய அறையின் கதவு திறக்கும் காட்சியில் அதே சுவைஞர் பேச்சற்றிருந்தனர். பழக்கம் அங்கே அச்சத்தைப் போக்கவில்லை. வேறுபாட்டின் காரணம் அவர்தம் பேச்சிலேயே உள்ளது. பெரியவரோடு தமிழிலும், பிள்ளைகளோடு இந்தியிலும், வாயிற்காவலரோடு மராத்தியிலும் அவர்கள் அப்பொழுதே பேசிக்கொண்டிருந்தனர். நொடிக்கு நொடி மொழி மாறுவோர்க்கு மொழிமாற்றம் அமானுடமாகத் தோன்றுதல் அரிது.

தமிழ்ப் படத்தில் தெலுங்கின் தேர்வும் ஆராயத்தக்கது. தஞ்சை நாயக்கர் காலந்தொட்டு அது தமிழகத்து இசைக்கும் ஆடலுக்கும் உரிய மொழிகளுள் ஒன்று. நம் அரங்கில் நெடுங்காலம் வாழ்ந்த மொழியை அயலாக்கியே படம் அச்சத்தை விளைவிக்கிறது. 'பூல் புலையா'வின் முரணும் இத்தகையதே: இந்தியும் வங்காளமும் பேசும் பாத்திரத்தை ஏற்ற வித்யா பாலன், செம்பூரில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்தவர். பன்மொழி வாழ்வினர் ஒருவரே பன்மொழிமையை நோயாக நடித்துக் காட்ட நேர்ந்தது.

இக்கருத்து திரையளவில் நின்றுவிடின் கேடில்லை. ஆனால், வீட்டுமொழி தெருவில் நாணத்தக்கது எனக் கருதும் நகரத்துப் பிள்ளைகளுக்கு, 'ஓர் உடலுக்கு ஒரு மொழியே இயல்பு' என்னும் கதை எதனைக் கற்பிக்கும் என்பது எண்ணத்தக்கது. நெருளின் சுவைஞர் படத்தைப் போற்றினர்; அதன் மொழிக்கொள்கையை ஏற்கவில்லை. மருத்துவர் நீக்கிய தெலுங்கைப் படம் முடிந்த பின்னும் அவர்கள் பாடிக்கொண்டிருந்தனர். திறனாய்வு பொருட்படுத்த வேண்டிய மறுப்பு அது.