நோவா என்று கூவும் முன்

கலசப்பாக்கத்தில், செய்யாற்றங்கரையில் நின்று மே, ஜூன் இரவுகளில் அண்ணாந்து பார்த்தால், உச்சிக்குச் சற்று வடக்கே சில விண்மீன்கள் அரைவட்டமாக வளைந்து நிற்கும். கொரோனா பொரியாலிஸ் எனப்படும் அந்த மண்டலத்தின் 'டி' விண்மீன் 1866இலும் 1946இலும் வெடித்துப் பிரகாசித்தது; இப்படித் திடீரென வெடித்துப் பொலியும் விண்மீனை நோவா என்பர். அடுத்த வெடிப்புக்காக உலகெங்கும் வானியல் ஆர்வலர்கள் காத்திருக்கிறார்கள். வெடித்தால் அதன் பொலிவெண் சுமார் 2 ஆகும் (எண் குறையக் குறையப் பொலிவு கூடும்). அதே அரைவட்டத்தில் எப்போதும் ஒளிரும் அல்ஃபெக்காவின் பொலிவெண்ணோ 2.2. மண்டலத்தைப் பழகாதவர் அல்ஃபெக்காவையே நோவா என்று அறிவித்துவிடலாம்.

ஆனாலும் நோவாக்களைத் தேடுவது வீண்வேலை அல்ல. 1863 மே மாதம் சென்னை வான் ஆய்வகத்தில் நார்மன் போக்சன் கண்ட யு ஸ்கார்ப்பி, திரும்பத் திரும்ப வெடிக்கும் நோவா. அதன் 2010ஆம் ஆண்டு வெடிப்பை முதலில் கண்டவர்கள் ஃபுளோரிடா ஆர்வலர்களான பார்பரா ஹாரிஸும் ஷான் ட்வோராக்கும். 1918இல் அக்விலா நோவாவைத் தாமாகவே கண்டுகொண்ட வங்காளத்து ராதா கோவிந்த சந்திரா வானியல் பட்டம் பெற்றவர் அல்லர். வானத்தை மனப்பாடமாக அறிந்திருந்ததே அவருடைய பலம்.

இந்தத் தேடலின் பலவீனம் எங்கே?

2018 மார்ச்சில், கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் டன்ஸ்பி, தனுசு மண்டலத்தில் மிகப் பிரகாசமான புதிய பொருளைக் கண்டதாக உலகுக்கு அறிவித்தார். முன்பு எடுத்த படத்தில் அது இல்லை. ஆனால் அவர் கண்டது செவ்வாய்க் கோள். ஒரு மணி நேரத்துக்குள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். பழைய படத்தோடு ஒப்பிடும் முறை நல்லதுதான். ஆனால் நகரும் கோளையும் சிறுகோளையும் அது பிரித்துக் காட்டாது. ஒளி மாறும் விண்மீன்களிடமும் அது தோற்கும். 1596இல் வானியலாளர் டேவிட் ஃபப்ரிசியஸ் புதிதென்று எண்ணிய மீரா, 1609இல் மீண்டும் அவர் கண்ணில் பட்டது. சுமார் 332 நாளுக்கொருமுறை மங்கிப் பொலியும் பழைய விண்மீன் அது.

தவறான அறிவிப்புக்கு விலை உண்டு. ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி போன்றவற்றில் ஆய்வு நேரம் முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. ஒதுக்கிய இரவைக் கலைத்துச் சரிபார்க்கும்போது இன்னொருவரின் ஆய்வு தடைபடுகிறது. அதற்காக அறிவிக்கவே அஞ்சுவதும் கேடு: யு ஸ்கார்ப்பி சில நாட்களிலேயே மங்கிவிடும், மறுநாள் வரை தயங்கினால் உச்சப் பொலிவே கைநழுவும்.

ஆகவே சரிபார்ப்பை விரைவாக்குவதே வழி. கோள்களின் இன்றைய இடம், சிறுகோள் பட்டியல், ஒளி மாறும் விண்மீன்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் இணையத்தில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். வேறு ஊரிலுள்ள இன்னொருவரும் அதே இடத்தைப் பார்த்து உறுதிசெய்தால், படக்கருவியின் கோளாறு என்ற ஐயமும் நீங்கும். 'டி' விண்மீன் அமைதியாக இருக்கும்போது அதன் பொலிவெண் சுமார் 10. சிறு தொலைநோக்கிக்கே எட்டும். பள்ளி வானியல் மன்றங்கள் இப்போதே அதை அல்ஃபெக்காவோடு சேர்த்து அடையாளம் கண்டு, இரவுதோறும் பொலிவைக் குறித்துவைக்கத் தொடங்கலாம்.