கைப்பிடியைச் சுற்றினால் தொப்பி: 48 ஊசிப் பின்னல் இயந்திரம், கோலா தெர்லா வீடொன்றில்

ஜெர்மனியின் ஆடி எக்ஸ்பிரஸ், சீனாவின் சென்ட்ரோ, பெயரே இல்லாத இன்னும் பல. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே பொருள்தான்: வாய் அகன்ற பிளாஸ்டிக் வளையம், அதில் வட்டமாக நிற்கும் கொக்கி ஊசிகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. நூலை மாட்டிச் சுற்றினால் நடு ஓட்டை வழியாகப் பின்னல் துணி குழாயாக இறங்கும். இங்கே சோதித்தது 48 ஊசி உள்ள மலிவு ரகம். சோதித்தவர் கோலா தெர்லாவில் இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் ஓர் இளம் தாய். மூங்கில் ஊசி இரண்டும் யூடியூப்பும் துணையாக ஒரு மஃப்ளரைத் தொடங்கி, பாதியில் அலமாரியில் போட்டுவைத்தவர். இந்த இயந்திரத்தை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அவரைப் போன்றவர்கள்தான் என்பதால், அனுபவசாலி ஒருவர் கையில் கொடுத்துப் பார்ப்பதைவிட இதுவே நியாயமான சோதனை.

கேமரன் மலையில் பின்னலுக்குத் தேவை இருக்கிறது, ஆனால் அளவோடு. பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே, திரிங்காப்பைத் தாண்டி கம்போங் ராஜா போகும் வழியில் இருக்கிறது கோலா தெர்லா. காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் சரிவெல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும் ஊர். இந்த மலையின் சராசரி வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸை ஒட்டியது. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் இந்த மலைக்கே உரியது: 1978 பிப்ரவரியில் 7.8 டிகிரி. குளிரும், உறையாது. விடிகாலையில் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைக்குத் தொப்பி வேண்டும், மழை இறங்கும் சாயங்காலத்தில் பாட்டிக்குக் காலுறை வேண்டும். ஐரோப்பியப் படங்களில் வரும் கனத்த ஸ்வெட்டர் இங்கே அலமாரியை அடைக்கத்தான் உதவும்.

முதலில் பொறி வேலை செய்யும் விதம். கைப்பிடி சுழலும்போது ஊசி வளையம் முழுவதும் சேர்ந்து சுழல்கிறது. நூல் வரும் கை மட்டும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. ஒவ்வோர் ஊசியும் அந்த இடத்துக்கு வரும்போது கீழே இருக்கும் சரிவுப் பாதை அதைக் கீழே இழுக்கிறது. கொக்கி புது நூலைப் பிடித்துக்கொண்டு பழைய கண்ணிக்குள் புகுந்து இறங்க, பழைய கண்ணி நழுவிக் கழன்றுவிடுகிறது. பிறகு ஊசி மேலே ஏறி அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். திருப்பூரில் பனியன் துணி ஓட்டும் வட்டப் பின்னல் இயந்திரத்தின் அடிப்படையும் இதுவே. அங்கே 30 அங்குல விட்டம், 24 கேஜ் என்றால் ஊசி மட்டும் 2,200-க்கு மேல் இருக்கும். இங்கே 48.

வேலையின் சூட்சுமம் எல்லாம் முதல் சுற்றில் இருக்கிறது. நூலை ஓர் ஊசிக்கு முன்னால், அடுத்த ஊசிக்குப் பின்னால் என்று மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டே மெதுவாகச் சுற்ற வேண்டும். 48-ம் முடிந்த பிறகுதான் நூலை ஊட்டும் கையில் மாட்டலாம். தொடக்க ஊசி வேறு நிறத்தில் இருப்பது பெரிய உதவி. கையேடு அரைகுறை ஆங்கிலம், படங்கள் பொடிப்பொடி. அதை மடித்து வைத்துவிட்டு ஒரு வீடியோவைப் பார்ப்பதே மேல்.

அடுத்து வேகம். இருமடி கனமுள்ள பெரியவர் தொப்பிக்குச் சுமார் 120 சுற்று வேண்டும். அதாவது 5,760 கண்ணி. கையால் பின்னப் பழகும் ஒருவர் நிமிடத்துக்கு 15 கண்ணி போடுகிறார் என்று வைத்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இங்கே ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி என்று நிதானமாகச் சுற்றினாலும் இருபதே நிமிடம். கணக்கு அப்படிச் சொல்கிறது. முதல் வரிசை மாட்டுவது, கடைசிக் கண்ணிகளைத் தையல் ஊசியில் கோத்துக் கழற்றுவது, இரண்டு முனையையும் சுருக்கி ஒன்றுக்குள் ஒன்றைத் திணித்து மடிப்பது என்று எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் போய்விடும். அப்படியும் பசியாறலுக்கும் மதியச் சமையலுக்கும் நடுவில் ஒரு தொப்பி முடிகிறது. குடும்பத்தில் இருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. கையால் பின்னும்போது வரிசை நடுவில் குழந்தை அழுதால் திரும்பி வந்து எண்ண வேண்டும், ஊசியிலிருந்து கண்ணி நழுவியிருக்கும். இதில் கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்து போகலாம். அடுப்பில் பருப்பை இறக்கி வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சுற்றலாம். பெட்டியில் போடாத சிறப்பம்சம் இது.

ஆனால் இயந்திரத்துக்குக் கண் கிடையாது. நூல் கொஞ்சம் தளர்ந்தால் ஒரு கொக்கி அதைப் பிடிக்காமல் வெறுமனே இறங்கி ஏறிவிடும். அப்படி விட்ட கண்ணி பத்துச் சுற்று கழித்து ஏணிபோல் ஒரு கோடாகக் கீழே தெரியும். இந்த வீட்டில் அதைக் கண்டுபிடிப்பது சுற்றுகிறவர் அல்ல, சுவரோரம் நாற்காலியில் இருக்கும் மாமியார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே வேலைக்காலத்தைக் கழித்தவர். பின்னலில் அவருக்கு அக்கறை இல்லை, சத்தத்தில்தான் காது.

“நிறுத்தும்மா. டக்குனு ஒண்ணு விட்டுச்சு.”

“இல்லைங்க அத்தை, சரியாத்தான் ஓடுது.”

“பின்னாடி ரெண்டு சுத்துப் பாரு.”

பார்த்தால் இருக்கிறது. கொக்கியில் இருக்க வேண்டிய கண்ணி இரண்டு வரிசை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. குரோஷே ஊசியை உள்ளே விட்டு, தொங்கும் கண்ணியைப் பிடித்து, மேலே கிடக்கும் நூல் கம்பியை அதற்குள் இழுத்து, மீண்டும் அடுத்த கம்பியை இழுத்து, கடைசியில் கொக்கியில் மாட்டினால் சரியாகிவிட்டது. கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே கைவேலை இதுதான் என்றுகூடச் சொல்லலாம். இயந்திரத்தோடு ஒரு கொக்கியும் வருகிறது, மிகவும் மொண்ணை. தனியாக 4 மி.மீ. குரோஷே ஊசி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மாமியாரின் தீர்ப்பு தோட்டத்திலிருந்து வந்தது. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது கையால் பறித்தார்கள். பிறகு கத்தரி வந்தது, இருவர் பிடித்து நடக்கும் இயந்திரம் வந்தது. “கையில பறிச்சா ரெண்டு இலை ஒரு மொட்டு. மெஷினுக்கு முத்தின இலையும் ஒண்ணுதான், குச்சியும் ஒண்ணுதான். கூடையில கொட்டின பொறவு பொறுக்கணும். இதுவும் அப்படித்தான் இருக்கு.” மிகச் சரியான விமர்சனம். பின்னும் நேரத்தை இயந்திரம் குறைக்கிறது, சரிபார்க்கும் நேரத்தைக் கூட்டுகிறது.

நூல் விஷயத்தில் இது பிடிவாதக்காரி. நடுத்தரத் தடிமன் உள்ள, கொஞ்சம் இழுபடும் நூல்தான் ஓடும். அக்ரிலிக் நூல் அருமையாக ஓடுகிறது. சுத்தமான பருத்தி நூல் இழுபடாது, கொக்கியில் இறுகி நிற்கும், கைப்பிடி கனக்கும். மலேசியக் கைவினைக்காரர்கள் பொம்மை பின்ன வாங்கும் மில்க் காட்டன் நூல் நடுவில் நிற்கிறது: ஓடும், ஆனால் விரல் நூலின் மேல் இருந்தபடியே இருக்க வேண்டும். முடிச்சுள்ள நூல், மொசமொச நூல், மினுமினுப்பு நூல் எதுவும் வேண்டாம். அசல் கம்பளி நூல் நன்றாகவே ஓடும். ஆனால் ஆண்டுக்கு 2,500 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் மலையில் துவைத்த கம்பளித் தொப்பி காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும். இந்த ஊருக்கு அக்ரிலிக்கே போதும், விலையும் குறைவு.

தயாரானவற்றில் வெற்றி பெற்றது ஸ்ட்ராபெரி தொப்பி. கேமரன் மலைச் சந்தைகளில் தலையணையிலிருந்து சாவிக்கொத்து வரை எல்லாம் ஸ்ட்ராபெரி வடிவம்தான், வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் வேண்டாம்? சிவப்புக் குழாய், உச்சியில் கடைசி சில சுற்றுகள் பச்சை, தையல் ஊசியால் கண்ணியின் மேலேயே வெள்ளை நூலை ஓட்டி விதைப் புள்ளிகள். இந்தப் புள்ளிகளுக்குத்தான் மாலை முழுவதும் போனது. பின்னியது இயந்திரம், தொப்பியைத் தொப்பியாக்கியது ஊசி. ஒரு குறை: 48 ஊசியில் வரும் சுற்றளவு பெரியவர் தலைக்கு. ஏழு வயது மகளுக்கு ஓரத்தை மடித்துப் போட்டால் நிற்கிறது, இரண்டு வயதுத் தம்பிக்குக் கண்ணை மறைக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு 40 ஊசி ரகம்தான் சரி.

மஃப்ளரிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு நெம்பியைத் திருப்பினால் குழாய்க்குப் பதில் தட்டைத் துணி வரும். கடைசி ஊசிவரை சுற்றி, எதிர்ப்பக்கமாகத் திருப்பிச் சுற்ற வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஓர ஊசிகளில்தான் கண்ணி அதிகமாக விடுகிறது. தப்பித் தவறி நேராக வந்தாலும் துணி இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டுகொள்ளும். அது இயந்திரத்தின் குற்றமல்ல, ஒரு பக்கம் முழுக்க நேர்க்கண்ணி உள்ள எந்தப் பின்னலும் சுருளும். கையால் பின்னுகிறவர்கள் ஓரத்தில் எதிர்க்கண்ணி கலந்து அதைத் தடுப்பார்கள். இந்த இயந்திரத்துக்கு எதிர்க்கண்ணி போடத் தெரியாது. ஆகவே மஃப்ளரையும் குழாயாகவே சுற்றித் தட்டையாக்கி இரண்டு முனையையும் தைத்துவிட வேண்டும். நூல் இரட்டிப்பாகும், கழுத்துக்குச் சூடும் அப்படியே.

காலுறை? ஏமாற்றம். பழைய இரும்புக் காலுறை இயந்திரங்கள் இதைவிடக் கெட்டிக்காரர்கள். முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கம் வீட்டுப் பெண்களுக்கு அவற்றைக் கொடுத்துப் படைவீரர்களுக்குக் காலுறை பின்னச் செய்தது. குதிகால் திருப்ப, மேல்விளிம்புக்கு இழுவைப் பின்னல் போட எல்லாம் அவற்றால் முடிந்தது. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-இல் செய்த முதல் பின்னல் சட்டமும் காலுறைக்காகத்தான். நானூறு ஆண்டுக்குப் பிறகு வந்த இந்தப் பிளாஸ்டிக் வளையம் கொடுப்பது குதிகால் இல்லாத நேர்க்குழாய். மாமியார் அதை முழங்காலுக்கு ஏற்றிவிட்டுக்கொண்டார், மூட்டு வலிக்கு இதமாம். அந்த வகையில் வீண் போகவில்லை.

சுற்று எண்ணியை நம்ப வேண்டாம். வளையம் எத்தனை முறை சுற்றியது என்று அது எண்ணுகிறதே தவிர, விட்ட கண்ணிக்காகப் பின்னால் போனதைப் புரிந்துகொள்வதில்லை. பத்துச் சுற்றுக்கு ஒரு முறை வேறு நிற நூல் துண்டைக் கண்ணியில் செருகிவைத்தால் எண்ண எளிது. அடிப்பக்க ரப்பர் உறிஞ்சிகள் வழவழப்பான மேசையில்தான் பிடிக்கும். கூடவே வரும் பிடிப்பான்கள் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையின் தடித்த விளிம்புக்குள் போகவில்லை. சத்தம் இன்னொன்று. பிளாஸ்டிக் பற்களின் கடகட ஓசை பக்கத்து அறைவரை கேட்கும், தூங்கும் பிள்ளைக்கு ஆகாது. கைப்பிடிக்குப் பதில் துளைபோடும் டிரில்லை மாட்டி ஓட்டும் காணொளிகள் நிறைய உண்டு. பற்கள் பிளாஸ்டிக் என்பதை நினைத்தால் அந்த ஆசை தானாக அடங்கும். மின்சாரம் தேவைப்படாததே இதன் அழகு, சொந்தமாகச் சிறு நீர்மின் நிலையம் உள்ள கோலா தெர்லாவில் இதைச் சொல்வது கொஞ்சம் வேடிக்கை என்றாலும்.

எந்த நூலுக்கு எத்தனை சுற்று என்று தேட, 2007-இல் ஜெசிகா, கசிடி ஃபோர்ப்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி தொடங்கிய ராவல்ரி தளம் உதவுகிறது. கணக்குத் தொடங்கக் காசு இல்லை, இலவச மாதிரிகளும் ஏராளம். தேடும்போது ‘வட்ட இயந்திரம்’ என்று பொதுவாகப் போடாமல் ஊசி எண்ணிக்கையைப் போட்டுத் தேட வேண்டும்.

குரோஷேவும் இதில் வரும் என்று எண்ணி வாங்குகிறவர்கள் உண்டு. வராது. அசல் குரோஷேவைப் போடும் இயந்திரம் இன்றுவரை கடைக்கு வரவில்லை. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் 2016 ஜனவரியில் கின்னஸ் சாதனைக்காக விரித்த 11,148.5 சதுர மீட்டர் போர்வை முழுக்க முழுக்கக் கைவேலை. ஸ்ட்ராபெரி தொப்பியின் உச்சியில் வைக்க இலை வேண்டுமென்றால் அதே கொக்கியைக் கையில் எடுத்தாக வேண்டும்.

யார் வாங்கலாம்? வீட்டில் நாலைந்து தலைகளுக்குத் தொப்பி வேண்டும், பின்னல் கலையைப் பயிலப் பொறுமை இல்லை என்பவர் தாராளமாக வாங்கலாம். முன்திறப்பும் பொத்தானும் வைத்த ஸ்வெட்டர் போடும் எண்ணம் இருப்பவர் வேண்டாம். அவருக்கு அலமாரியில் கிடக்கும் மூங்கில் ஊசிகளே நல்லது. ஆடி எக்ஸ்பிரஸின் விலை மலிவு ரகங்களைப்போலச் சில மடங்கு. ஓட்டம் மென்மையாக இருக்கும் என்றாலும் அதற்கும் எதிர்க்கண்ணி தெரியாது. ஆகவே முதல் இயந்திரத்துக்கு அவ்வளவு கொடுக்கத் தேவையில்லை. வாங்கும் கடையில் உதிரி ஊசி தனியாகக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஒரு கொக்கி முறிந்தாலும் அந்தக் கோட்டில் பின்னலே வராது. அரைக் கிலோ அக்ரிலிக் நூலையும் சேர்த்து வாங்கினால் சனிக்கிழமை காலையிலேயே தொடங்கிவிடலாம்.