பொது உடல், மீன் தலை

பொம்மையைப் பற்றி எழுத இந்தப் பக்கங்களில் இடம் கேட்பது சிலருக்கு விளையாட்டாகப் படலாம். எனக்கு அப்படியில்லை. மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரையில் 'அச்சில் வார்த்தவை' என்று சொல்லியிருந்தேன். சொன்னபோது அதன் அர்த்தம் எனக்கு முழுவதும் தெரிந்திருக்கவில்லை என்று இப்போது படுகிறது. தெரியவைத்தது அலமாரியைச் சுத்தம் செய்தபோது கையில் கிடைத்த ஒரு பிளாஸ்டிக் பொம்மை. எனவே பொம்மையிலிருந்து தொடங்குகிறேன்.

உயரம் ஐந்தரை அங்குலம். மல்யுத்தக்காரனின் உடம்பு: அகன்ற தோள், புடைத்த மார்பு, முழங்கால் மடங்கிக் கால்களை அகட்டி நிற்கும் நிலை. கழுத்துக்கு மேலே மீன். காதிருக்க வேண்டிய இடத்தில் துடுப்பு, அகன்ற கண்கள், கீழ்நோக்கி வளைந்து பற்கள் தெரியும் வாய். உடம்பு முழுவதும் பச்சை. அண்ணனுக்காக மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. நான் பிறப்பதற்கு முன்பே வீட்டில் இருந்தது. என்னிடம் வந்தபோது மார்புக் கவசமும் வாளும் தொலைந்துபோயிருந்தன. முதுகில் 1981 என்ற ஆண்டும் மலேசியா என்ற பெயரும் புடைப்பெழுத்தில் இருக்கின்றன. அட்டை இல்லை, கதை இல்லை, யார் என்று சொல்ல ஆளும் இல்லை. நான் மீன்மூஞ்சி என்று கூப்பிட்டேன்.

அவன் யார் என்பது பின்னால் தெரிந்தது. அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி 1982-ல் 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்' என்ற பொம்மை வரிசையைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. முதல் வருஷத்து எட்டுப் பேரில் இவன் ஒருவன். ஹீ-மேன் நாயகன், மண்டையோட்டு முகம் கொண்ட ஸ்கெலிட்டர் வில்லன், இவன் வில்லனின் கையாள். பெயர் மெர்-மேன். கடலின் போர்த்தலைவன் என்று அட்டையில் ஒரு பட்டமும் உண்டு.

இப்படிப்பட்ட பொருளைப் பற்றி நம் வட்டத்தில் இரண்டு விதமாகத்தான் பேசுகிறார்கள். ஒன்று, வியாபாரக் கலாச்சாரத்தின் குப்பை என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது. மற்றது, சேகரிப்பவர்களைப் போல பால்யத்தை நினைத்து உருகுவது. இரண்டிலும் பொருளை யாரும் பார்ப்பதில்லை. ஒரு கவிதையை எடுத்துக்கொண்டால் அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்கிறோம் அல்லவா, அதே கேள்வியை இதனிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

பிளாஸ்டிக் வார்க்கும் உருக்கு அச்சு விலை கூடியது. ஒரு தடவை வெட்டிய அச்சை எத்தனை பொம்மைகளுக்குப் பயன்படுத்த முடியுமோ அத்தனைக்கும் பயன்படுத்துவது தொழிலின் கணக்கு. மெர்-மேனின் மார்பும் ஹீ-மேனின் மார்பும் ஒரே வார்ப்பு. முன்னங்கைகளிலும் கெண்டைக்கால்களிலும் துடுப்பு மாதிரி எழுந்து நிற்பவை மீனுக்கென்றே செய்தவை என்று வெகுநாள் நம்பியிருந்தேன். ஸ்கெலிட்டருக்கும் அதே கைகள், அதே கால்கள். மண்டையோட்டு மனிதனுக்குத் துடுப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றுவதில்லை. நீல உடம்பில் அது கொடுமையாகத் தெரிகிறது. பச்சை உடம்பில் கடலாகத் தெரிகிறது. வார்ப்பு ஒன்றுதான்.

இடுப்பில் ஒரு சுருள்வில். உடம்பைத் திருப்பிப் பிடித்து விட்டால் வேகமாகச் சுழன்று கை குத்தும். ஹீ-மேனின் குத்து இது. கடலில் பிறந்தவனுக்கும் இதே குத்துதான். மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு சிநேகிதனை அடிக்க முயன்ற எந்தப் பையனுக்கும் தெரியும், தண்ணீருக்குள் அப்படிக் குத்த முடியாது. மடங்கிய முழங்கால்கள் நீளாது. ஆக, நம் கையில் இருப்பது நீந்துவதற்கு லாயக்கில்லாத ஒரு கடல்வாசி.

பி.ஏ. பரீட்சைக்காகப் படித்த ஹோரஸ் ஞாபகத்துக்கு வருகிறான். கவிதைக் கலை பற்றிய தன் நிருபத்தை அவன் ஒரு பரிகாசத்தோடு தொடங்குகிறான்: மேலே அழகான பெண்ணும் கீழே மீனுமாக ஓர் ஓவியன் வரைந்தால் பார்ப்பவர்கள் சிரிக்கமாட்டார்களா? உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி ஒருமை பெற வேண்டும் என்பது அவன் கட்சி. பெல்ஜிய ஓவியன் ரெனே மாக்ரித் 1930களில் இந்தப் பரிகாசத்தைத் தலைகீழாக்கினான். கடற்கரையில் ஓர் உயிர் கிடக்கிறது. மேல்பாதி மீன், கீழ்ப்பாதி பெண்ணின் கால்கள். பின்னால் அலை. இந்த ஓவியத்தைப் பார்த்துச் சிரிக்க முடிவதில்லை. கரையில் அதனால் மூச்சுவிட முடியாது. கடலுக்குத் திரும்பினால் கால்கள் உதவாது. பொருந்தாமைதான் அங்கே விஷயம். ஓவியத்துக்கு அவன் வைத்த பெயர் 'கூட்டுக் கண்டுபிடிப்பு'. ஒரு கம்பெனியில் வரைகிறவர், வடிக்கிறவர், விலை போடுகிறவர் எல்லோருமாகச் சேர்ந்து செய்த பொம்மைக்கும் அந்தப் பெயர் ஒத்துவரும்.

கோல்ரிட்ஜ் 1817-ல் செய்த பாகுபாடு நம் விமர்சனத்தில் இன்றும் உலவுகிறது. உண்மையான கற்பனை, அனுபவத்தைக் கரைத்துப் புதிதாகச் சிருஷ்டிக்கிறது. வெறும் புனைதிறன், தயாராகக் கிடைக்கும் துண்டுகளை எடுத்து ஒட்டுகிறது. இந்த அளவுகோலை வைத்தால் மெர்-மேன் இரண்டாவது ரகம். மனிதன் ஒரு துண்டு, மீன் ஒரு துண்டு. வழக்கு முடிந்தது. என் மதிப்புரையும் இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டதுதான். இதே கவிஞரின் உடம்பு இன்னாருடையது, கைகால்கள் இன்னாருடையவை என்று அடையாளம் காட்டிவிட்டு, விமர்சகனின் கடமை தீர்ந்தது என்று பேனாவை மூடினேன்.

பேனாவை மூடும் முன் தலையைப் பார்த்திருக்க வேண்டும்.

மெர்-மேனிடம் அவனுக்கென்று செய்தது தலை. உடம்பு கெட்டி, தலை உள்ளே வெற்றிடமான மென்மையான பொருள், விரலால் அழுத்தினால் அமுங்கும். அட்டை இவனைப் போர்த்தலைவன் என்கிறது. முகம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஹீ-மேனின் முகத்தில் ஒரு கவலையும் கிடையாது. ஸ்கெலிட்டரின் மண்டையோடு எல்லா மண்டையோடுகளையும் போலச் சிரிக்கிறது. மீன்மூஞ்சியின் முகத்தில் இருப்பது திகைப்பு. வாய் கோபத்தால் திறந்திருக்கிறதா, காற்றுக்காகத் திறந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. கூடையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்த மீனிடம் நாம் பார்க்கிற வாய் அது. யாரோ ஒருவர் களிமண்ணில் வடிக்கும்போது கடலரசனை நினைத்து உட்கார்ந்திருப்பார். கை ஒரு நிஜ மீனை நினைத்துக்கொண்டது. அச்சுக்கும் கணக்குக்கும் நடுவில் அந்தக் கை செய்தது அப்படியே வந்துவிட்டது.

அதுவும் நேராக வந்துவிடவில்லை. வரிசையின் தோற்றங்களை வரைந்தவர் மார்க் டெய்லர், 2021-ல் காலமானார். ஹீ-மேனை உண்டாக்கியது யார் என்பதில் அவருக்கும் உடன் வேலைபார்த்த ரோஜர் ஸ்வீட்டுக்கும் வழக்கு உண்டு. ஸ்வீட் 2005-ல் தன் கட்சியைப் புத்தகமாகவே போட்டார். மெர்-மேனுக்கு அப்படி உரிமை கொண்டாடி யாரும் எழுதவில்லை. அட்டையின் பின்பக்கத்துப் படத்தில் அவனுக்கு ஒரு முகம், கையில் வரும் பொம்மைக்கு வேறு முகம். 2009-ல் சேகரிப்பவர்களுக்காக அவனைப் புதிதாகச் செய்தபோது கம்பெனி இரண்டு தலைகளையும் சேர்த்தே கொடுத்தது. 27 வருஷத்துக்குப் பிறகும் எது அவன் முகம் என்று முடிவாகவில்லை என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

தலையாவது மிஞ்சியதா என்றால் அதுவும் சந்தேகம். 1985-ல் ஸ்டிங்கோர் என்று ஒருவன் வந்தான். துர்நாற்றத்தால் எதிரியை வீழ்த்துபவன். பிளாஸ்டிக்கோடு பச்சௌலி எண்ணெயைக் கலந்து வார்த்ததால் அந்தப் பொம்மை இன்றும் வாசம் அடிக்கிறது. (பச்சௌலி என்ற சொல்லே தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன.) அவனுடைய தலை மெர்-மேனின் தலை, கறுப்பு வெள்ளை பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மீனின் முகம் நாறும் பிராணியின் முகமாகிவிட்டது. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டிங்கோரின் முகத்தில் அந்தத் திகைப்பு தங்கவில்லை. கோடுகள் எல்லாம் அவையே. சாயம் மாறியவுடன் அந்த வாய் வெறும் முறைப்பாகிவிடுகிறது. ஆக, தலையும்கூட உடைமை அல்ல. ஒரு வடிவம், ஒரு நிறம், ஓர் உடம்பின் மேல் வந்து உட்கார்ந்த விதம் எல்லாம் சேர்ந்து ஒரு தடவை கூடிவந்த சேர்க்கைதான் தனித்தன்மை என்று நாம் சொல்வது.

கடைசியாகக் கடல். கம்பெனி 1982-ல் ஒரு கோட்டை விற்றது. 1984-ல் ஒரு பாம்பு மலை விற்றது. கடலரசனுக்கு ஒரு கடல் விற்கவில்லை. 1983-ல் ஃபில்மேஷன் நிறுவனம் தயாரித்த தொலைக்காட்சிக் கார்ட்டூன் 130 பகுதிகள் ஓடியது. அங்கும் அச்சுதான் ஆட்சி. ஒரு தடவை வரைந்த ஓட்டமும் தாவலும் பகுதிக்குப் பகுதி திரும்பி வரும். அதில் மெர்-மேனுக்குத் தண்ணீர் கொப்புளிப்பது போன்ற ஒரு குரல் கொடுத்தார்கள். மற்றபடி பெரும்பாலும் தரையில் நின்று உதை வாங்கினான்.

கடலை நான் கொடுத்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி. மீன்மூஞ்சியை அதில் முக்கி, அடியில் நிற்கவைத்து, மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் வில்லன் என்று எனக்குத் தெரியாது. சண்டை போட ஆளும் இல்லை. தண்ணீர் அசையும்போது முகம் அசையும். வாய் மூடித் திறக்கிற மாதிரி இருக்கும். வெளியே எடுத்தால் இடுப்பு இணைப்பில் புகுந்த நீர் வெகுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். பாடப்புத்தகத்தின் மேல் வைத்து அடி வாங்கியிருக்கிறேன். அந்தத் தொட்டியில் நடந்ததைக் கவிதை அனுபவம் என்று சொன்னால் நண்பர்கள் கோபிக்கலாம். வேறு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. பொம்மையிடம் குறைவாக இருந்ததை நான் போட்டு நிரப்பினேன் என்பது பாதி உண்மைதான். வேறு ஏதாவது பொம்மையாக இருந்திருந்தால் தொட்டிக்குக் கொண்டுபோயிருக்க மாட்டேன். அந்த முகம் தண்ணீர் கேட்டது.

என் பிழைப்பு வங்கியில். ஒரு நாளைக்கு இருநூறு பணமெடுக்கும் சீட்டு பார்க்கிறேன். எல்லாம் ஒரே அச்சகத்தில் அடித்தவை, ஒரே கட்டங்கள். யாரும் சீட்டு பொதுவானது என்பதற்காகப் பணத்தை மறுப்பதில்லை. நான் பார்ப்பது கீழே இருக்கும் கையெழுத்து. பென்ஷன் வாங்க வரும் பெரியவர்களுடையது மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாது. நடுங்கியிருக்கும், ஓர் எழுத்து விழுந்திருக்கும். இருந்தாலும் அந்த முதல் எழுத்தின் சுழியில் ஆள் தெரிந்துவிடுவார். வேலையில் தினமும் செய்கிற இந்தக் காரியத்தை ராத்திரி மேசைக்கு முன் உட்கார்ந்தபோது நான் செய்யவில்லை. கவிதையின் கட்டங்களைப் பார்த்துவிட்டுச் சீட்டையே திருப்பிக் கொடுத்தேன்.

புதுக்கவிதைக்கும் இத்தனை வருஷத்தில் ஒரு பொது உடம்பு வந்துவிட்டது. மடக்கி எழுதிய வரி, ஜன்னல், அறை, மத்தியானம், கடைசியில் சட்டென்று ஒரு திருப்பம். இந்த உடம்பு இல்லாமல் எழுத வருகிறவன் அபூர்வம். நான் எழுதிய சில கவிதைகளுக்கும் இந்த உடம்புதான். மார்பு ஒருவருடையது, கால் ஒருவருடையது. அச்சு குற்றமில்லை. மொழியே பொது அச்சுதானே. அச்சைக் கண்டுபிடித்துச் சொல்வது விமர்சனத்தின் சுலபமான பாதி. அச்சுக்கு மேலே ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா, அது எதைக் கேட்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி. இப்படிச் சொல்வதால் எல்லாக் கவிதைக்கும் தலை இருக்கிறது என்று ஆகிவிடாது. பலவற்றில் கழுத்தோடு நின்றுவிடுகிறது. அதையும் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொகுப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். முப்பத்திரண்டு கவிதைகள். இருபத்தைந்தைப் பற்றி அன்று சொன்னதை இன்றும் மாற்ற வேண்டியதில்லை. ஏழு அப்படியில்லை. தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்ட தெருவைப் பற்றி ஒன்று இருக்கிறது. வெற்றுக் குடங்கள் மட்டும் தங்கள் இடத்தைக் காத்துக்கொண்டு நிற்கின்றன. உருவம் பழசு. பார்வை அவருடையது. அன்றும் அது அதே பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. நான் நிற்கவில்லை.

மதிப்புரை வந்த பிறகு அவர் எந்தப் பத்திரிகைக்கும் எதுவும் அனுப்பவில்லை. என்னோடு பேச்சை நிறுத்திவிடவில்லை. பார்த்தால் சிரிக்கிறார், பஸ் கட்டணம் பற்றிப் பேசுகிறார். கவிதையைப் பற்றிப் பேசுவதில்லை. என் மதிப்புரையால்தான் நிறுத்தினார் என்று சொல்லிக்கொள்ள நான் அவ்வளவு பெரிய விமர்சகன் அல்ல. ஆனால் பாதி பார்த்துவிட்டு முழுவதும் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது நான். வங்கியில் இதைச் செய்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். இங்கே யாரும் கேட்கவில்லை என்பதால் நானே எழுதிக் கொடுக்கிறேன். இந்த இதழின் ஒரு பிரதியை அவருக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.