ஈயம் அளக்கும் கார்பன் நுண்மின்முனைகள்: ஒரு புகார்

கார்பன் நுண்மின்முனையை வைத்துத் தண்ணீரில் ஈயம், காட்மியம், தாமிரம் அளப்பது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். வேதியியல் அருமை. ஆனா, கட்டுரைகள் எழுதப்படும் விதத்தின் மேல் எனக்கு ஒரு புகார் இருக்கிறது. முதலில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரு கார்பன் நார் சுமார் 7 மைக்ரோமீட்டர் தடிமன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்குன்னு வச்சுக்கலாம். அதைக் கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்து, முனையை மட்டும் தண்ணீரில் படவிடுகிறார்கள். 10 பி.பி.பி. ஈயம், அதாவது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், உள்ள தண்ணீரில் அந்த முனைக்கு வந்துசேரும் ஈய அயனிகள் எவ்வளவு மின்னோட்டம் தரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 0.1 பைக்கோஆம்பியர்! அதை நேரடியாக அளப்பது நடக்கிற காரியமில்லை.

அதனால் உண்டியல் முறை. எதிர் மின்னழுத்தம் கொடுத்து, ஐந்து நிமிடம் ஈயத்தை உலோகமாக முனைமேல் படியவிட வேண்டும். பிறகு மின்னழுத்தத்தை வேகமாக நேர்த்திசையில் ஏற்றினால், சேர்ந்ததெல்லாம் ஒரு நொடிக்குள் கரைந்து வெளியே வரும். அப்போது வரைபடத்தில் ஒரு உச்சம் எழும். உச்சம் இருக்கும் இடம் எந்த உலோகம் என்று சொல்லும், அதன் பரப்பு எவ்வளவு என்று சொல்லும்.

இந்தத் துறை பாதரசத்தில் தொடங்கியது. 1922-இல் ஹெய்ரோவ்ஸ்கி பாதரசத் துளியை மின்முனையாக்கினார், 1959-இல் நோபல் பரிசு பெற்றார். நச்சுக்கு அஞ்சிப் பாதரசத்தைக் கைவிட நினைத்தபோது, 2000-இல் ஜோசப் வாங் குழு கார்பன் மேல் பிஸ்மத் படலம் பூசும் வழியைக் காட்டியது. நுண்மின்முனைக்கு இன்னொரு வசதியும் உண்டு. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், உப்பு சேர்க்காத சாதாரணத் தண்ணீரிலும் அது வேலை செய்யும். குழாயடிக்கே கொண்டுபோய் அளக்கலாம் என்ற ஆசை இங்கிருந்துதான் வந்தது.

சரி, புகாருக்கு வருவோம். அந்த ஆசையைச் சொல்லித் தொடங்கும் பல கட்டுரைகள், அளவீட்டை மட்டும் பி.ஹெச். 4.5 அசிட்டேட் பஃபர் கரைசலில் செய்கின்றன. பிஸ்மத் படலத்துக்கு அமிலத்தன்மை தேவைங்கறது உண்மைதான். ஆனால் சாதாரணத் தண்ணீரில் வேலை செய்யும் என்ற நுண்மின்முனையின் சிறப்பே அங்கே காணாமல்போகிறது. கண்டறியும் வரம்பு 0.1 பி.பி.பி. என்று போடும்போது, அது பஃபரின் வரம்பு, குழாய்த் தண்ணீரின் வரம்பல்ல.

அடுத்து, "குழாய்த் தண்ணீரிலும் சோதித்தோம், 98 சதவீதம் மீட்பு" என்கிற மாதிரியான வரி. இதில் என்ன நடக்குது? தண்ணீரில் தெரிந்த அளவு ஈய உப்பைச் சேர்த்து, சற்று நேரத்தில் அதையே அளக்கிறார்கள். புதிதாகப் போட்ட அயனி சுதந்திரமாகத் திரியும், மின்முனை அதைப் பிடித்துவிடும். தண்ணீரில் ஏற்கெனவே மட்கிய கரிமப் பொருளோடு பிணைந்திருக்கும் ஈயம், துருத் துகளில் ஒட்டியிருக்கும் ஈயம் பற்றி இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது.

இது வெறும் நுணுக்கச் சண்டை இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரலில் தண்ணீரை ஆற்றுக்கு மாற்றினார்கள், அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட் சேர்க்கவில்லை. ஈயக் குழாய்களின் உட்படிவு பெயர்ந்து வந்தது. 2015-இல் ஒரே வீட்டில் வர்ஜீனியா டெக் குழு அளந்ததில் அதிகபட்சம் 13,200 பி.பி.பி. நடவடிக்கை எடுக்க வேண்டிய வரம்போ 15. துகளாக வரும் ஈயத்தை, வெறுமனே முக்கியெடுக்கும் மின்முனை கண்டுகொள்ளாமல் போகலாம். குழந்தையின் வயிற்று அமிலம் அதைக் கரைத்துவிடும். ஆய்வகங்கள் மாதிரியில் நைட்ரிக் அமிலம் விட்டுக் காத்திருந்து அளப்பது இதனால்தான்.

இன்னொன்று. ஃபிளின்டில் வரம்பு குறைந்த கருவி இல்லாததால் யாரும் ஏமாறவில்லை. அதிகாரப்பூர்வக் கணக்கிலிருந்து இரண்டு மாதிரிகளை நீக்கியதும் நகரத்தின் எண் 15-க்குக் கீழே போய்விட்டது. அங்கே தேவைப்பட்டது 0.1 பி.பி.பி. அல்ல. நிறைய வீடுகளில், திரும்பத் திரும்ப அளக்கக்கூடிய மலிவான கருவி. கார்பன் நார் அதற்கு ஏற்றதுதான், அதனாலேயே எனக்கு ஆதங்கம்.

நல்ல உதாரணமும் உண்டு. டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பரஸ்தூ ஹஷேமி குழு 2012-இல் பாதரசமில்லாமல், வெறும் கார்பன் நாரில், ஒரு நொடிக்குள் தாமிரத்தை அளந்து காட்டியது. வரம்பை இன்னும் ஒரு படி கீழே இறக்குவதை விட, தண்ணீரில் உலோகம் மாறுவதை அப்போதைக்கப்போதே பார்ப்பது பெரிய விஷயம் என்பேன்.

ஆகவே, கட்டுரை எழுதுபவர்களிடம் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பழைய குழாய் உள்ள வீட்டுத் தண்ணீரை எடுங்கள். அப்படியே ஒருமுறை, அமிலத்தில் கரைத்து ஒருமுறை அளந்து, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வித்தியாசம் பெரிசா வந்தா வெட்கப்பட வேண்டாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது அந்த வித்தியாசம்தான்.