ஊரின் பெயரும் ஊரின் குரலும்

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓர் ஒலி நிகழ்ச்சியை நடத்தி வருகின்றோம். இன்றைய வழக்கில் அதைப் 'பொட்காஸ்ட்' என்கிறார்கள். கலையகம் என்று சொல்ல எங்களிடம் ஒன்றும் கிடையாது. ஒரு கடையின் மேல்மாடி அறை, கையடக்கத் தொலைபேசி, ஓர் ஒலிவாங்கி, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் தொங்கவிட்ட இரண்டு பழைய கம்பளிகள். இவ்வளவுதான். பிறர் குறையைச் சொல்லுமுன் எங்கள் குறையைச் சொல்லிவிடுவது நீதி என்பதால் அங்கிருந்தே தொடங்குகின்றேன்.

அக்குறணைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு மூதாட்டியிடம் மாத்தளை வீதியின் பழைய நாட்களைப் பற்றி ஒலிப்பதிவு செய்தோம். "அந்தக் காலத்துல இந்த ரோட்டுல பஸ் ஒண்டு ரெண்டுதான் ஈந்திச்சி மகன். மாத்தளைக்குப் போறண்டா சுபஹோட எழும்பணும்" என்று தொடங்கி, ஒரு மணித்தியாலம் பேசினார். கேட்கக் கேட்கத் தெவிட்டாத பேச்சு. ஆனால் வெளியிடும் நேரத்தில் எங்களில் ஒருவருக்குத் தயக்கம் வந்தது. "இப்படியே போட்டா வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க" என்றார். அவர் சொன்னதையெல்லாம் நல்ல தமிழில் எழுதி, ஒரு மாணவியைக் கொண்டு வாசிக்கச் செய்து வெளியிட்டோம். பாராட்டும் வந்தது. தொலைபேசியில் இடம் போதாமல் மூலப் பதிவை அழித்துவிட்டோம். சில மாதங்களில் அந்தத் தாயார் மௌத்தானார். ஜனாஸா வீட்டில் அவருடைய மகள் கேட்டார்: "உம்மாட கொரல் ஈக்கிதா தம்பி?"

தயங்கியவர் வேறு யாருமல்ல, நான்தான்.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே நமது உள்ளூர் ஊடக முயற்சிகளைப் பார்க்க விரும்புகின்றேன். கண்டியும் சுற்றுப்புறமும் இதில் வறிய பூமியல்ல. 1882 டிசம்பரில் அறிஞர் மு. கா. சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' வார இதழைத் தொடங்கினார். 1838இல் கண்டியில் பிறந்த அவர் தொழிலால் வழக்கறிஞர். அரசாங்கப் பணமோ பெரிய நிறுவனமோ பின்னால் நிற்க நடந்த பத்திரிகையல்ல அது. சமுதாயத்தின் ஒரு மனிதர் தம் கைப்பொருளையும் நேரத்தையும் போட்டு நடத்தியது. இன்றைய சொல்லில் சுதந்திர உள்ளூர் ஊடகம் என்றால் அதுதான்.

அது எதைப் பேசியது என்பதையே கவனிக்க வேண்டும். நாடுகடத்தப்பட்டு 1883 ஜனவரியில் இலங்கை வந்திறங்கிய எகிப்தின் ஒராபி பாஷாவைப் பற்றி எழுதியது. உலகச் செய்தியைக் கண்டிக்குக் கொண்டுவந்தது. அத்தோடு நின்றிருந்தால் இன்று நாம் அதை நினைவுகூரக் காரணம் இராது. கிறிஸ்தவ மிஷனரிப் பள்ளிகளுக்குப் பயந்து ஆங்கிலக் கல்வியையே ஒதுக்கி வைத்திருந்த சொந்தச் சமுதாயத்தைப் பார்த்து, 'படியுங்கள், பெண் பிள்ளைகளையும் படிப்பியுங்கள்' என்று வாரந்தோறும் சொன்ன பத்திரிகை அது. சொன்னவர் கண்டியில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தொடங்கினார். கேட்டவர்கள் எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. வாசகனுக்குப் பிடித்ததை மட்டும் சொல்லியிருந்தால் அவருக்கு எதிர்ப்பும் வந்திராது, நமக்குச் சித்திலெப்பையும் கிடைத்திருக்கமாட்டார். 1885இல் அவர் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்ற பெருமையைப் பெற்றது. பத்திரிகை நடத்திய கைதான் நாவலையும் எழுதியது.

நூறு வருடங்களுக்குப் பின் கண்டிக்குத் தெற்கே இன்னொரு முயற்சி நடந்தது. மகாவலித் திட்டத்தால் குடிபெயர்ந்த மக்களுக்காக 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலியின் வழியில், 1989இல் கொத்மலை சமூக வானொலி வந்தது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோவின் உதவியோடு அங்கே இணையமும் சேர்ந்தது. கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்துக் கிராமத்தவர் ஒரு கேள்வியை அனுப்புவார்கள். வானொலியார் இணையத்தில் தேடி, கிடைத்ததை ஊர்ப் பேச்சில் விளக்குவார்கள். வீட்டில் கணினியைக் கண்டிராதவருக்கு வானொலிப் பெட்டியே இணையமாயிற்று. உலகம் முழுவதும் இந்த முயற்சியைப் பற்றி எழுதினார்கள்.

புகழுக்கு அப்பால் இரண்டு குறைகள் தெரிகின்றன. நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேயே இருந்தது. பெயரில் சமூகம், சாவி கொழும்பில். இரண்டாவது, ஒலிபரப்புப் பெரும்பாலும் சிங்களத்தில். தோட்டத் தமிழரும் முஸ்லிம்களும் திரளாக வாழும் ஒரு பகுதியில் அவர்கள் நேயர்களாக இருக்கலாம், பேசுபவர்களாக இருப்பது அரிது. நம் வீடுகளில் வானொலி என்றால் அப்போதும் கொழும்பிலிருந்து வரும் முஸ்லிம் சேவைதான்.

இணையம் நம் கைக்கே வந்த பிறகு இந்தத் தடைகள் தகர்ந்தன. 'மடவளை நியூஸ்' என்று ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய இணையத்தளத்தை நாடெங்கும் முஸ்லிம்கள் வாசிக்கிறார்கள். இதைச் சிறிய காரியம் என்று நான் நினைக்கவில்லை. பள்ளிவாசல் அறிவித்தலும் ஜனாஸா அறிவித்தலும் மத்திய கிழக்கில் உழைக்கும் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் போய்ச் சேருகின்றன. ஒரு செய்தியை வெளியிட இன்று யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஆனால் எங்களைப் போன்ற ஒலி, காணொளி முயற்சிகளைத் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். பாதி பயான். மீதியில் கொழும்பு அரசியல். மொழியோ தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியின் மொழி. "ஈக்கி" என்று வீட்டில் பேசுகிற பிள்ளை மைக்கைக் கண்டதும் "இருக்கிறது" என்கிறது. எழுத்தில் அப்படி எழுதுவது முறை, அதை நான் மறுக்கவில்லை. இந்தக் கட்டுரையும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஒலி என்பது குரலுக்கான இடம். அங்கேயும் குரலை மறைத்தால் பிறகு எங்கேதான் அது வாழும்?

உள்ளூர் விடயங்களிலும் இதே கதைதான். வீதி உடைந்திருந்தால் பேசுகிறோம், அது பிரதேச சபையின் குறை. சீதனம், பெண் பிள்ளையின் படிப்பை இடையில் நிறுத்துவது, பள்ளிவாசல் நிர்வாகத்தின் கணக்கு என்று வந்தால் மைக் மௌனமாகிவிடுகிறது. எங்கள் நிகழ்ச்சியிலும் ஒருமுறை சீதனம் பற்றி இரண்டு பெண்கள் பேசியதைப் போட்டோம். மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது, இரவே எடுத்துவிட்டோம். யாரும் எங்களை மிரட்டவில்லை. "ஊர்ப் பேரைக் கெடுக்காதீங்க" என்றுதான் அன்பாகச் சொன்னார்கள். அதிகாரியின் தடையை எதிர்த்து நிற்பது இலேசு. அடுத்த வீட்டு மாமாவின் மனவருத்தத்தை எதிர்கொள்வதுதான் உள்ளூர் ஊடகத்தின் உண்மையான சோதனை. அந்தச் சோதனையில் சித்திலெப்பை நின்றார். நாங்கள் ஒரு இரவுகூட நிற்கவில்லை.

இதன் விலை என்ன என்பதை 2018 மார்ச் காட்டியது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதியின் மரணத்தைத் தொடர்ந்து திகன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கங்களில் நம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஒரு முஸ்லிம் இளைஞன் எரிந்த வீட்டிற்குள் உயிரிழந்தான். வெறுப்பு முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் சிங்களத்தில் பரவியது. அரசாங்கம் சமூக ஊடகங்களை ஒரு வாரத்திற்கு முடக்கியது. பொய்யோடு சேர்த்து, 'நாங்கள் உயிரோடு இருக்கிறோம்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வழியும் அடைபட்டது. முகநூல் நிறுவனம் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. அந்த நாட்களில் நம்மிடம் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், தளங்களும் இருந்தன. ஆனால் நாம் தமிழில் நமக்குள் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுச் சிங்களவர் வழக்கமாகக் கேட்டு, 'இவர்கள் தம்மவர் குறையையும் சொல்பவர்கள், ஆகவே சொல்வது உண்மையாயிருக்கும்' என்று நம்பக்கூடிய ஒரு குரலை நாம் வளர்த்து வைத்திருக்கவில்லை. நெருப்புப் பிடித்த பிறகு அதை உண்டாக்க முடியாது. பொய்யைத் தடுக்க அது மட்டும் போதுமாயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. இல்லாமற்போனது நம் குறை என்றுதான் சொல்கிறேன்.

பாதுகாப்பு என்பது கடைசிக் கடமை. உடத்தலவின்னையில் இருந்துகொண்டு கலாபூஷணம் பீ. எம். புன்னியாமீன் தமது 'சிந்தனை வட்டம்' வழியாக நூல்களை வெளியிட்டதோடு, இலங்கையின் எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்களின் விபரங்களைத் தொகுதி தொகுதியாகத் திரட்டினார். ஒரு கிராமத்திலிருந்து அது முடிந்தது. 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் நம் பத்திரிகைகளைப் பாதுகாப்பதோடு ஒலி ஆவணங்களுக்கும் இடம் தருகிறது. நம்மிடமோ பதிவுகள் ஒரு தொலைபேசியில் பிறந்து அதே தொலைபேசியோடு மௌத்தாகின்றன.

இப்போது எங்கள் ஐவருக்குள் மூன்று ஒழுங்குகள் வைத்திருக்கிறோம். பேசுபவர் பேசியபடியே வெளிவரும். மூலப் பதிவு இரண்டு இடங்களில் இருக்கும். ஒரு தொலைபேசி அழைப்புக்காக எதையும் எடுக்கமாட்டோம், மறுப்பு இருந்தால் அதையும் ஒலிபரப்புவோம். மூன்றாவதை எத்தனை நாள் காப்போம் என்று அல்லாஹ்தான் அறிவான். எடுத்துவிட்ட அந்தச் சீதன உரையாடலை மட்டும், பேசிய இருவரின் சம்மதத்தோடு, மறுபடி போட்டுவிட்டோம்.

ஜனாஸா வீட்டில் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் என்னிடம் பதில் இல்லை.